வரி ஆலோசகரின் அறம்

பட்டயக் கணக்காளர் ஒருவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? கட்டணம் தருபவர் வாடிக்கையாளர். ஆனால் கணக்காளரின் கையொப்பத்தை நம்பி முடிவெடுப்பவர்கள் வருமான வரி அதிகாரி, கடன் தரும் வங்கி, பங்கு வாங்கும் முதலீட்டாளர் என வேறு ஆட்கள். ஒருவரிடம் ஊதியம் பெற்று இன்னொருவருடைய நம்பிக்கையைச் சுமக்கும் இந்த நிலைதான் ஆடிட்டர் தொழிலின் அடிப்படையான அறச்சிக்கல். வரி ஆலோசனையில் அது மேலும் கூர்மையாகிறது. வாடிக்கையாளரின் வரியைக் குறைத்துக் கொடுப்பது ஆலோசகரின் வேலை. குறைகிற தொகையோ பொதுக் கருவூலத்துக்குச் சேராமல் போகும் பணம். இந்தத் தொழிலை அறம் தவறாமல் செய்ய இயலுமா, இயலும் என்றால் எல்லை எங்கே என்பது மெய்யியலும் சமயமும் நெடுங்காலமாகப் பேசிவந்த ஒரு கேள்வியின் இன்றைய வடிவம்.

தொழிலின் இரு முகங்கள்

இந்தியாவில் இத்தொழில் 1949ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தால் ஆளப்படுகிறது. அச்சட்டத்தின்கீழ் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் 1949 ஜூலை 1 அன்று உருவானது. நிறுவனத்தின் முத்திரையில் கருடன் உருவமும் கடோபநிஷதத்திலிருந்து எடுத்த தொடர் ஒன்றும் உள்ளன. மற்றவை உறங்கும்போதும் விழித்திருக்கும் பரம்பொருளைப் பற்றியது அத்தொடர். கணக்குப் புத்தகங்களைத் தாமே பார்க்க முடியாத பங்குதாரர்களுக்காகவும் பொதுமக்களுக்காகவும் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்ற பொருளில் இத்தொழில் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நடைமுறையில் ஒரே அலுவலகம் மூன்று வேலைகளைச் செய்கிறது. பிறர் எழுதிய கணக்கைத் தணிக்கை செய்து சான்றளிப்பது ஒன்று. ரிட்டர்ன் தயாரித்து, வரியைச் சட்டப்படி குறைக்க வழி சொல்வது மற்றொன்று. நோட்டீஸ் வந்தால் வாடிக்கையாளருக்காக அதிகாரி முன்பும், வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்திலும் வாதாடுவது மூன்றாவது. முதல் வேலையில் அவர் நடுவர். மூன்றாவதில் ஒரு தரப்பின் குரல். இரண்டாவது வேலை இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இந்த இரட்டை நிலையைச் சட்டமே உண்டாக்கியது. 1984ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 44ஏபி பிரிவைச் சேர்த்தது. விற்றுமுதல் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் வணிகர்கள் தம் கணக்கைப் பட்டயக் கணக்காளரிடம் தணிக்கை செய்து அறிக்கை பெற வேண்டும் என்றது அப்பிரிவு. பின்னர் அந்த வரம்பு வணிகத்துக்கு 1 கோடி ரூபாய், தொழில்முறைப் பணிகளுக்கு 50 லட்சம் என உயர்ந்தது. ரொக்க வரவும் ரொக்கச் செலவும் 5 சதவீதத்துக்கு மிகாத வணிகங்களுக்கு 10 கோடியானது. இதன்படி, வரி செலுத்துபவர் தேர்ந்தெடுத்து அவரே கட்டணமும் தரும் தனியாள் ஒருவர் அரசின் கண்ணாக வேலை செய்கிறார். ஆகவே கடமைகளின் மோதல் தனிமனிதரின் பலவீனத்தால் வருவதில்லை. தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது.

வரி கொடுப்பது அறக் கடமையா

வரி கொடுப்பது வெறும் சட்டக் கட்டாயம் என்றால் அதைக் குறைக்க உதவுவதில் அறக் கேள்விக்கே இடமில்லை. அது அறக் கடமையும் ஆகும் என்றால் உதவுபவருக்கும் அதில் பங்குண்டு. பழைய மரபுகள் பெரும்பாலும் இரண்டாம் கருத்தையே ஏற்கின்றன. ஆனால் கடமையை ஒரு தரப்பின்மேல் மட்டும் ஏற்றுவதில்லை. திருக்குறள் கொடுங்கோன்மை அதிகாரத்தில், கோலேந்திய மன்னன் முறையின்றிக் கேட்பதை வழிப்பறியோடு சேர்த்துப் பேசுகிறது. புறநானூற்றில் பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடை நம்பிக்கு இறை கொள்ளும் முறையை எடுத்துரைக்கிறார்: அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறு வயலின் நெல்லும் யானைக்குப் பல நாள் போதும், யானையே வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதித்து அழிப்பது அதிகம். இவ்விரு இடங்களிலும் வரி வாங்கும் உரிமை மறுக்கப்படவில்லை. அது முறையோடு கட்டுண்ட உரிமை என்பதே கருத்து.

வணிகர் பக்கத்துக்கும் இலக்கணம் உண்டு. நடுவு நிலைமை அதிகாரம், பிறர் பொருளையும் தம் பொருள்போலக் கருதிச் செய்வதே வாணிகம் என்ற கருத்தோடு முடிகிறது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் அரசுப் பணம் கையாடப்படும் நாற்பது வழிகளை வரிசைப்படுத்துகிறது. வரவைத் தாமதமாக எழுதுவது, வந்ததை வரவில்லை என எழுதுவது ஆகியவை அவற்றில் சேரும். இஸ்லாத்தில் ஜகாத் செல்வத்தின்மீது விதிக்கப்பட்ட வழிபாட்டுக் கடமை. சேமிப்புக்கு அதன் அளவு 2.5 சதவீதம். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும் முறையைப் பற்றியது. எழுதத் தெரிந்தவர் மறுக்கக் கூடாது, நியாயம் தவறாமல் எழுத வேண்டும் என்று அது எழுத்தருக்கும் கடமை விதிக்கிறது. இரட்டைப் பதிவு முறையை 1494இல் வெனிஸில் அச்சேற்றிய லூக்கா பாச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. கணக்கை இறைவன் பெயரால் தொடங்கச் சொன்னவர் அவர். தமிழ் வணிகர் பிள்ளையார் சுழியிட்டுப் புதுக்கணக்குத் தொடங்குவதும் இதே உணர்வின் வெளிப்பாடு. கணக்கை எழுதும் செயல் பல சமயங்களில் சாட்சி சொல்லும் செயலாகவே கருதப்பட்டிருக்கிறது.

தவிர்ப்பும் ஏய்ப்பும்

சட்ட உலகம் மூன்று சொற்களால் எல்லை பிரிக்கிறது. சட்டம் தரும் சலுகையைப் பயன்படுத்துவது வரித் திட்டமிடல். சட்டத்தின் சொல்லுக்குள் நின்று அதன் நோக்கத்தைத் தாண்டுவது வரித் தவிர்ப்பு. வருமானத்தை மறைப்பதும் பொய்ச் செலவு காட்டுவதும் வரி ஏய்ப்பு. முதலாவதில் சிக்கல் இல்லை, மூன்றாவது குற்றம். விவாதம் முழுவதும் நடுவிலிருக்கும் தவிர்ப்பைச் சுற்றியே நடக்கிறது.

1935இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் வழக்கில் தீர்ப்பளித்தது. கோமகன் தம் தோட்டக்காரருக்குச் சம்பளமாகத் தராமல் ஒப்பந்தப் பத்திரத்தின் மூலம் ஆண்டுத்தொகை தந்து வரியைக் குறைத்துக்கொண்டார். தம் வரி குறையும்படி தம் காரியங்களை அமைத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு என்றது தீர்ப்பு. இந்திய உச்ச நீதிமன்றம் 1985இல் மெக்டொவல் வழக்கில் வேறு திசையில் பேசியது. அதில் நீதிபதி ஓ.சின்னப்ப ரெட்டி, வரியைத் தட்டிக்கழிக்கப் புனையப்படும் ஏற்பாடுகளுக்கு நீதிமன்றம் துணைபோகக் கூடாது என்றார்; அதனால் பொது வருவாய்க்கு நேரும் இழப்பையும், நேர்மையாகச் செலுத்துவோர்மீது அச்சுமை விழுவதையும் அறக் கேள்வியாகவே எழுப்பினார். 2003இல் ஆசாதி பச்சாவ் ஆந்தோலன் வழக்கில், மொரிஷியஸுடனான வரி உடன்படிக்கையின் பயனைப் பெறுவது சட்டப்படி செல்லும் என்று நீதிமன்றம் கூறியது. ஊசல் இவ்வாறு இரு பக்கமும் ஆடிற்று.

2012 ஜனவரி 20 அன்று வோடபோன் வழக்கில் வந்த தீர்ப்பு அறக் கேள்வியின் மறுபக்கத்தைக் காட்டியது. இந்தியத் தொலைபேசித் தொழில் ஒன்று கேமன் தீவுகளிலிருந்த நிறுவனத்தின் பங்கு வழியாக 2007இல் கைமாறியது. சுமார் 11,000 கோடி ரூபாய் வரி கேட்கப்பட்டது. அப்போதைய சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு அரசு சட்டத்தை முன்தேதியிட்டுத் திருத்தியது. 2021இல் அத்தகைய கோரிக்கைகளைக் கைவிட்டுப் புதிய சட்டம் இயற்றியது. ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றும் அரசு, குடிமக்களிடம் விதியின் நோக்கத்துக்கும் கட்டுப்படுங்கள் என்று கேட்கும் தகுதியைக் குறைத்துக்கொள்கிறது. வரி அறம் இருவழிப்பட்டது என்று பழைய நூல்கள் சொன்னதற்கு இது சான்று.

2017 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பொதுத் தவிர்ப்புத் தடுப்பு விதிகள் இந்த விவாதத்துக்கு எழுதப்பட்ட வடிவம் தந்தன. ஓர் ஏற்பாட்டின் முதன்மை நோக்கம் வரிச் சலுகை பெறுவதாக இருந்து, அதில் வணிக உள்ளடக்கம் இல்லாவிட்டால், அதிகாரி அதைப் புறக்கணிக்கலாம்; வரிப் பயன் 3 கோடி ரூபாயைத் தாண்ட வேண்டும் என்பது வரம்பு. நோக்கத்தை ஆராயும் பொறுப்பை இப்படிச் சட்டமே ஏற்றுக்கொண்டபின், அது என் வேலையன்று என்று ஆலோசகர் ஒதுங்க முடியாது.

உண்மையும் விளக்கமும்

ஆலோசகரின் அன்றாட வேலைக்குப் பயன்படும் எல்லைக்கோடு இதைவிட எளியது. எந்த வரிக் கணக்கிலும் இரண்டு அடுக்குகள் உண்டு. என்ன நடந்தது என்பது முதல் அடுக்கு. நடந்ததற்குச் சட்டம் என்ன பெயர் வைக்கிறது என்பது இரண்டாவது. இரண்டாம் அடுக்கில் வாடிக்கையாளருக்குச் சாதகமான நியாயமான விளக்கத்தை முழு வலுவோடு எடுத்து வாதிட ஆலோசகருக்கு உரிமை உண்டு. முதல் அடுக்கில் அவருக்கு எந்த உரிமையும் இல்லை.

ஒரு நூற்பாலை பழைய இயந்திரத்தின் பெரும்பகுதியை மாற்றுகிறது என்று கொள்ளலாம். அச்செலவு அந்த ஆண்டின் பழுதுபார்ப்பா, பல ஆண்டுகளுக்குத் தேய்மானம் காட்ட வேண்டிய மூலதனச் செலவா என்பது விளக்கம் சார்ந்தது. நீதிமன்றங்களே இதில் மாறுபட்டுத் தீர்ப்பளித்திருக்கின்றன. உண்மையை முழுதும் காட்டிவிட்டு, பழுதுபார்ப்பு என்று வாதிடுவதில் குற்றமில்லை. ஆனால் பில் போடாமல் விற்ற சரக்கை இரண்டாம் நம்பர் கணக்கில் வைப்பது, பயிரே இல்லாத நிலத்தில் விவசாய வருமானம் காட்டுவது, சொந்த வீட்டில் குடியிருந்துகொண்டு வாடகை ரசீது இணைப்பது, பத்திரத்தில் ஒரு விலையும் கையில் ஒரு விலையுமாக மனையை விற்பது ஆகியவை முதல் அடுக்கைத் திரிப்பவை. இவற்றில் வாதிட ஒன்றுமில்லை.

யமன் அவையில் சித்திரகுப்தனுக்குப் புராணம் தந்த இடமும் இத்தகையதே. உயிர்களின் செயல்களைப் பதிவது அவன் வேலை. தண்டனையோ மன்னிப்போ வழங்குவது யமன் வேலை. பதிபவர் தீர்ப்பைக் கருதிப் பதிவை மாற்றினால் தீர்ப்புக்கே பொருளில்லாமல் போகும். கணக்காளரின் நிலையும் அதுவே. வாடிக்கையாளர் வரி கட்டத் திணறுகிறார் என்ற இரக்கமும், அரசு பணத்தை வீணடிக்கிறது என்ற கோபமும் நியாயமான உணர்வுகளாக இருக்கலாம். அவை பேரேட்டில் நுழைய இடமில்லை.

மகாத்மா காந்தி தம் தன்வரலாற்றில் இதற்கு நேரான இரண்டு நிகழ்ச்சிகளைப் பதிந்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் அவர் கட்சிக்காரருக்குச் சாதகமாக மத்தியஸ்தர்கள் தீர்ப்பளித்த ஒரு கணக்கு வழக்கில், பற்றில் வர வேண்டிய ஒரு பதிவு வரவில் சேர்ந்திருந்தது. அதை ஒப்புக்கொண்டால் முழுத் தீர்ப்பும் கவிழலாம் என்று மூத்த வழக்கறிஞர் அஞ்சினார். காந்தி ஒப்புக்கொண்டே வாதிட்டார். நீதிமன்றம் பிழையை மட்டும் திருத்தித் தீர்ப்பை நிலைநிறுத்தியது. மற்றது அவருடைய நண்பர் பார்சி ருஸ்தம்ஜி சுங்க வரி கட்டாமல் சரக்குக் கடத்திய விவகாரம். குற்றத்தை அதிகாரிகளிடம் ஒப்புக்கொள்ளும்படி காந்தி அறிவுரை சொன்னார்; ஒப்புக்கொண்ட தொகையின் இரு மடங்கைச் செலுத்தி விவகாரம் முடிந்தது. ருஸ்தம்ஜி நடந்ததை எழுதிச் சட்டமிட்டுத் தம் அலுவலகத்தில் மாட்டினார். முதல் நிகழ்ச்சியில் உண்மையும் கட்சிக்காரரின் நலனும் ஒருசேரக் காப்பாற்றப்பட்டன. இரண்டாவதில் வாடிக்கையாளரைச் சிறையிலிருந்து காக்க உண்மையே வழியாயிற்று. வாடிக்கையாளருக்கு விசுவாசமாக இருப்பதும் உண்மை பேசுவதும் எப்போதும் எதிரெதிர் என்ற எண்ணம் தவறு என்பதை இரண்டும் காட்டுகின்றன.

நல்ல நோக்கம் கணக்கை மாற்றுமா

நோக்கம் உயர்ந்ததாக இருந்தால் கணக்கின் ஒழுங்கு தளரலாமா என்பதைச் சமய மரபே சோதித்துப் பார்த்திருக்கிறது. பாண்டியனின் அமைச்சரான மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன அரசுப் பணத்தைத் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா சுல்தான் தானாஷாவின் ஆட்சியில் தாசில்தாராக இருந்த கஞ்செர்ல கோபண்ணா, வசூலித்த வரிப்பணத்தில் பத்ராசலத்தில் இராமர் கோயில் கட்டிச் சிறை சென்றார். அவரே பக்த ராமதாஸ். இரண்டு வரலாறுகளும் பக்தியின் வெற்றியாகவே பாடப்படுகின்றன.

கணக்கின் பக்கமிருந்து நோக்கினால் வேறொன்றும் புலப்படும். அரசனுக்குச் சேர வேண்டியது சேர்ந்தாயிற்று என்று எந்தக் கதையும் பாசாங்கு செய்யவில்லை. ராமதாஸ் கதையில் இராமரும் இலக்குவனும் வந்து பாக்கியை முழுதும் செலுத்திய பின்பே சிறைக்கதவு திறக்கிறது. மாணிக்கவாசகரின் கதையில் பகலில் பரிகளாக எண்ணி ஒப்படைக்கப்பட்டவை இரவில் நரிகளாகின்றன. அமைச்சர் வைகை மணலில் வெயிலில் நிற்கிறார். அருள் பக்தனைக் காக்கிறது. பாக்கியை இல்லையென்று ஆக்குவதில்லை. பிறர் பணத்தைக் காப்பவர் இவற்றை முன்மாதிரியாகக் கொள்ள மரபு இடம் தரவில்லை.

இக்கேள்வி இன்றும் உயிரோடிருக்கிறது. காசோலையாக நன்கொடை கொடுத்து, கமிஷன் போக ரொக்கமாகத் திரும்பப் பெற்று, 80ஜி சான்றிதழால் வரி குறைக்கும் பழக்கம் அறக்கட்டளையின் பெயரை ஏய்ப்புக்குப் போர்வையாக்குகிறது. இந்தியச் சட்டம் தெய்வத்தையும் வரிக்கு உட்பட்டவராகவே பார்க்கிறது: இந்துக் கோயில் மூர்த்தி சட்டத்தின் பார்வையில் வரி விதிக்கத்தக்க ஒரு நபர் என்று யோகேந்திர நாத் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1969இல் தீர்ப்பளித்தது. அறக்கட்டளைகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கும் வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவிடுவது போன்ற நிபந்தனைகளோடு, கணக்குக் காட்டியே பெற வேண்டியது.

ரகசியமும் அதன் எல்லையும்

வாடிக்கையாளர் நம்பிச் சொன்னதை வெளியிடாமை ஆலோசகரின் கடமை. அனுமதியின்றி வெளியிடுவது 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி தொழில் ஒழுக்கக் கேடு. சட்டம் கேட்கும்போது மட்டும் விலக்கு. மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் சொல்வதைப் போன்றதே இது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் சாட்சியச் சட்டம் வழக்கறிஞருக்குத் தரும் பாதுகாப்பு கணக்காளருக்கு இல்லை. பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் 2013இல் புருடென்ஷியல் வழக்கில், சட்ட ஆலோசனைக்கான அப்பாதுகாப்பை வரி ஆலோசனை தரும் கணக்காளர்களுக்கு நீட்டிக்க மறுத்தது. ஒரு தரப்பை மட்டும் காப்பது வழக்கறிஞரின் பணி. கணக்காளரின் சான்று பிறர் நம்புவதற்காகவே தரப்படுவதால் அவருடைய மௌனத்துக்கு எல்லை நெருக்கமாக உள்ளது.

அந்த எல்லை ஆண்டுதோறும் மேலும் நெருங்கிவருகிறது. 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி, 1 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட மோசடியைத் தணிக்கையாளர் கண்டால் மத்திய அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2023 மே 3 அன்று வந்த அறிவிக்கை, வாடிக்கையாளருக்காகச் சொத்து வாங்கி விற்பது, அவர் பணத்தை நிர்வகிப்பது போன்ற பணிகளில் ஈடுபடும் பட்டயக் கணக்காளர்களைப் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் வளையத்துக்குள் கொண்டுவந்தது. எனவே, எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்பதை முதல் நாளே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது நேர்மையின் பகுதி. நம்பவைத்துப் பின் வெளிப்படுத்துவது துரோகம். நம்பவைத்து மறைப்பது உடந்தை.

தொழிலை வளர்க்கும் வழி

இத்தொழிலுக்குள் வருவோர் மூன்று நிலைத் தேர்வுகளைக் கடக்கிறார்கள். ஒவ்வொரு தாளிலும் 40 சதவீதமும், தொகுதியின் மொத்தத்தில் 50 சதவீதமும் தேவை. இடையில் ஆர்ட்டிகிள்ஷிப் எனும் பயிற்சி. முன்பு மூன்று ஆண்டுகளாக இருந்தது புதிய திட்டத்தில் இரண்டாகக் குறைந்துள்ளது. ஒழுக்க விதிகளைத் தேர்வுத்தாள் கற்பிக்கிறது. ஆனால் அவற்றின் மெய்யான பாடம் அந்தப் பயிற்சிக் காலத்தில்தான் அமைகிறது. வவுச்சர் பார்க்காமல் டிக் அடிக்கச் சொல்லும் மூத்தவரிடம் பயில்பவரும், இருப்புச் சரக்கை எண்ணிவிட்டு வரச் சொல்பவரிடம் பயில்பவரும் ஒரே பட்டத்தோடு இருவேறு தொழில்களுக்குள் நுழைகிறார்கள். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, 1933இல் இந்தியாவின் முதல் பெண் கணக்காளராகத் தகுதி பெற்ற சென்னையின் ஆர்.சிவபோகம், 1955 முதல் 1958 வரை நிறுவனத்தின் தென்மண்டலக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். தொழிலும் கொள்கையும் ஒரே வாழ்க்கையில் இணைந்ததற்கு அவர் முன்னுதாரணம்.

தொழில் விதிகள் பல, ஆசையின் வழிகளை முன்கூட்டியே அடைப்பவை. விளம்பரம் செய்து வாடிக்கையாளரை அழைக்கக் கூடாது. கிடைக்கும் பலனில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசக் கூடாது. வரி குறையக் குறையக் கட்டணம் உயரும் ஏற்பாட்டில் நடுநிலை நிலைக்காது என்பதே காரணம். ஒரு கணக்காளர் ஆண்டுக்கு இத்தனை வரித் தணிக்கைதான் செய்யலாம் என்ற உச்சவரம்பு உண்டு. பட்டியலிட்ட நிறுவனங்களில் தனித் தணிக்கையாளர் ஐந்து ஆண்டுக்கும், தணிக்கை நிறுவனம் பத்து ஆண்டுக்கும் மேல் தொடர முடியாது. நீண்ட பழக்கம் கண்ணை மழுங்கச் செய்யும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 2019 முதல் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் யூடின் எனும் தனி அடையாள எண் கட்டாயமானது. தவறான அறிக்கை தரும் கணக்காளருக்கு ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டம் இடம் தந்தது.

விதிகள் இருந்தும் தவறுகள் நடக்கின்றன. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர், இல்லாத வங்கி இருப்பை ஆண்டுக்கணக்கில் காட்டியதாகக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். போலியாகக் காட்டிய ரொக்கமும் வங்கி இருப்பும் 5,000 கோடி ரூபாய்க்கு மேல். 2015இல் வந்த தீர்ப்பில் தண்டனை பெற்றவர்களில் தணிக்கையாளர் இருவரும் இருந்தனர். 2018இல் தேசிய நிதி அறிக்கை ஆணையம் அமைந்தது. பெரிய நிறுவனங்களின் தணிக்கையாளர்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் தொழிலின் கையிலிருந்து பெருமளவு வெளியே சென்றது. தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் உரிமை, அதைச் சரிவரப் பயன்படுத்தும் வரையே ஒரு தொழிலுக்கு நிலைக்கும்.

நேர்மையும் பலனும்

நேர்மையான ஆலோசகர் வெற்றி பெறுவாரா என்ற கேள்விக்குப் பொதுவாகச் சொல்லும் பதில், நம்பிக்கையே மூலதனம், காலப்போக்கில் நேர்மை பலன் தரும் என்பது. இதில் உண்மை உண்டு. வங்கி மேலாளரும் வரி அதிகாரியும் சில கையொப்பங்களை எளிதில் நம்புகிறார்கள். சிலவற்றை மூன்று முறை சரிபார்க்கிறார்கள். ஆயினும் அந்தப் பதில் போதாது. பலன் தருவதால் மட்டும் நேர்மையாக இருப்பவர், பலன் தராத நாளில் நேர்மையைக் கைவிடக் காரணம் பெற்றுவிடுகிறார். முடியாது என்று சொன்னதும் கோப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு ஆடிட்டரிடம் போகும் வாடிக்கையாளர் திரும்பி வராமலே இருக்கலாம். பகவத் கீதை சொல்லும் பற்றற்ற கடமை இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. கடமையின் அளவுகோல் அதன் பலனில் இல்லை.

முடிவாக, முதலில் எழுந்த கேள்விக்கு விடை இது. ஆலோசகர் தம் அறிவையும் உழைப்பையும் வாடிக்கையாளருக்குக் கடன்பட்டிருக்கிறார். உண்மையை எல்லாருக்கும் கடன்பட்டிருக்கிறார். சட்டத்தின் விளக்கத்தில் அவர் வாடிக்கையாளர் பக்கம் நிற்கலாம், நிற்கவும் வேண்டும். நடந்ததைச் சொல்வதில் அவருக்குப் பக்கமே கிடையாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தை 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. பிரிவு எண்களும் படிவங்களும் மாறும். இந்த எல்லைக்கோடு மாறாது.